அறங்காவலர் பொறுப்பை ஏற்கும் முன்னும் ஏற்ற பின்னும்

“உங்களையும் ஒரு டிரஸ்டியாகச் சேர்த்திருக்கிறேன், இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்று உறவினரோ நண்பரோ பத்திரத்தை நீட்டும்போது, பெரும்பாலானோர் அதைத் தம்மீது வைத்த மதிப்பாக எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்தைக்கூடப் படிக்காமல் கையெழுத்திட்டு விடுகிறார்கள். மதிப்புத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தோடு சேர்ந்து வருவது ஒரு வேலை. அதைச் செய்யாமல் விட்டால் ஏற்படும் நட்டத்தைச் சொந்தக் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டிய நிலையும் வரலாம். பிறர் பணத்தை எடுத்துக்கொள்ளும் எண்ணம் துளியும் இல்லாத நல்ல மனிதர்களே அசட்டையால் இதில் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால், அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். ஒருவர் தம் சொத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்து, “இதை நீங்கள் நிர்வகியுங்கள், பலன் இன்னாருக்குச் சேரட்டும்” என்று ஏற்பாடு செய்தால் அறக்கட்டளை உருவாகிறது. ஒப்படைத்தவர் அதன் நிறுவனர், பொறுப்பேற்றவர் அறங்காவலர், பலன் பெறுபவர் பயனாளி. வீடு, நிலம், வைப்புத் தொகை, பங்குகள் எல்லாம் அறங்காவலர் பெயரில் இருக்கும், வங்கி அவருடைய கையெழுத்தைத்தான் ஏற்கும், வாடகைதாரர் அவரிடம்தான் வாடகையைக் கொடுப்பார். ஆனாலும் அந்தச் சொத்தில் ஒரு மணி நெல்லுக்குக்கூட அவருக்கு உரிமை இல்லை. பெயர் ஓரிடத்திலும் பலன் வேறிடத்திலும் இருக்கும் இந்தப் பிரிவினைதான் அறங்காவலரின் கடமைகள் அனைத்துக்கும் ஊற்று. எந்தச் சூழலிலும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போது, “இது என் பெயரில் இருக்கிறது, ஆனால் என்னுடையது அல்ல” என்ற இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினால் பாதி வழி தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாடு இங்கிலாந்தில் சான்சரி என்ற பழைய நீதிமன்றத்தில் வளர்ந்து பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் தனியார் அறக்கட்டளைகளுக்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையில் 1917-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், மலேசியாவில் 1949-ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 1967-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இங்கிலாந்திலேயே 2000-ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. சமய, தரும நிறுவனங்களுக்குப் பல இடங்களில் தனி விதிகள் உண்டு. நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் கீழே சொல்பவை பெரும்பாலும் எங்கும் பொருந்தும். அறக்கட்டளைப் பத்திரம் என்ன சொல்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்; பத்திரம் மௌனமாக இருக்கும் இடத்தில் அந்தந்த நாட்டுச் சட்டம் பேசும்.

கையெழுத்துக்கு முன்

அறங்காவலராக இருக்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. உயிலில் உங்கள் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் நீங்கள் மறுக்கலாம். ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு நினைத்தபோது உதறிவிட்டுப் போக முடியாது. ஏற்பு என்பது கையெழுத்தால் மட்டும் நிகழ்வதும் இல்லை. ஒரு மாத வாடகையை வாங்கி ரசீது கொடுத்தாலோ, ஒரு காசோலையில் கையொப்பம் இட்டாலோ, உங்கள் நடத்தையைக் கொண்டே நீங்கள் பொறுப்பை ஏற்றுவிட்டதாகக் கருத இடமுண்டு. ஆகவே வேண்டாம் என்று முடிவு செய்தால், அதை எழுத்தில் தெரிவித்துவிட்டு, “தற்காலிகமாக இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற வேண்டுகோளுக்கும் இணங்காமல் விலகி நிற்பதுதான் பாதுகாப்பு.

ஏற்பதாக இருந்தால் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை படிக்க வேண்டும். பயனாளிகள் யார், அவர்களுக்கு வருமானம் மட்டுமா மூலதனமும் உண்டா, எந்த வயதில் எது போய்ச் சேர வேண்டும், சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் முதலீடு செய்யவும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறதா, அறங்காவலர்கள் பலர் என்றால் ஒருமனதாகத்தான் முடிவெடுக்க வேண்டுமா, பெரும்பான்மை போதுமா, ஊதியம் உண்டா, விலகும் வழி என்ன என்பவற்றுக்கெல்லாம் பத்திரத்தின் எந்தப் பத்தியில் விடை இருக்கிறது என்று ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊதியம் பற்றிப் பத்திரத்தில் ஒன்றும் இல்லையென்றால் பொதுவாக ஊதியம் இல்லை என்றே பொருள். முறையாகச் செய்த செலவை மட்டும் அறக்கட்டளைப் பணத்திலிருந்து திரும்பப் பெறலாம்.

அடுத்து உங்களைப் பற்றிய கேள்வி. அறக்கட்டளையின் கட்டடத்தில் நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ குடியிருக்கிறீர்களா? அதற்குக் கடன் பட்டிருக்கிறீர்களா? அதனிடம் எதையாவது விற்கவோ அதனிடமிருந்து எதையாவது வாங்கவோ எண்ணம் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், கையெழுத்திடும் முன்பே அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே நடந்து வரும் அறக்கட்டளையாக இருந்தால் முந்தைய ஆண்டுகளின் கணக்கைக் கேளுங்கள். “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதில் வந்தால், ஏற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சில வாரங்கள்

பொறுப்பேற்றவுடன் சொத்தை அறிந்துகொள்வது முதற்கடமை. தாளில் மட்டும் அறிந்தால் போதாது. நிலம் இருந்தால் நேரில் போய் எல்லையைச் சுற்றி வாருங்கள். பத்திரத்தில் காலி மனை என்று இருக்கும் இடத்தில் யாரோ கொட்டகை போட்டிருப்பதும், வீட்டின் பின்சுவர் விரிசல் விட்டிருப்பதும் நேரில் போனால்தான் கண்ணில் படும். மூலப் பத்திரங்கள் யார் கையில் இருக்கின்றன, வில்லங்கம் ஏதும் உண்டா, வரி பாக்கி இருக்கிறதா, காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது, வைப்புத் தொகைகள் எப்போது முதிர்வடைகின்றன, வர வேண்டிய கடன்கள் எவை என்று ஒரு பட்டியல் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள். வர வேண்டிய பணத்தைக் கேட்காமல் காலம் கடத்தினால், கால வரம்புச் சட்டத்தின்படி அதைக் கேட்கும் உரிமையே போய்விடக்கூடும், ஆக்கிரமிப்பும் அப்படித்தான். முன்பிருந்தவர் தவறு செய்திருப்பது தெரிந்தும் புதியவர் வாய்மூடி இருந்தால், அந்தத் தவறின் சுமையில் ஒரு பங்கு புதியவர் தலையிலும் விழும்.

பிறகு பணம். அறக்கட்டளைக்கென்று தனி வங்கிக் கணக்கு இல்லாமல் ஒரு நாளும் ஓடக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்லவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்ப அறக்கட்டளையின் ரொக்கப் புத்தகத்தைப் பார்க்க நேர்ந்தது. வரவும் செலவும் மணிமணியான கையெழுத்தில், நீல மையில், ஒரு நாள் விடாமல் எழுதப்பட்டிருந்தன. நடுவில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ‘கைமாற்று’ என்று எழுதி, ஒரு தொகையும் தேதியும் போட்டு, பதினாறு நாள் கழித்து இன்னொரு தேதியிட்டு அடித்திருந்தது. வாடகைப் பணம் கையில் இருந்த நேரத்தில் தம் வீட்டில் அவசரச் செலவு வந்ததால் அறங்காவலர் எடுத்திருக்கிறார். சொன்னபடி முழுவதையும் திருப்பியும் வைத்திருக்கிறார். அறக்கட்டளைக்குச் சல்லிக்காசு நட்டமில்லை. ஆனால் பயனாளிகளான பிள்ளைகள் வளர்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு, நீல மையில் எழுதிய மற்ற எல்லாப் பக்கங்களையும் நம்ப மறுத்துவிட்டார்கள். இருபது ஆண்டு நேர்மையாக உழைத்த ஒருவரின் பெயர் அந்த ஒற்றைப் பென்சில் வரியால் கெட்டது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சட்டமும் இங்கே பயனாளியின் பக்கமே நிற்கிறது. அறங்காவலர் தம் பணத்தையும் அறக்கட்டளைப் பணத்தையும் ஒரே கணக்கில் கலந்து வைத்து அதிலிருந்து செலவழித்திருந்தால், அவர் முதலில் செலவழித்தது தம் சொந்தப் பணத்தைத்தான், மீதி நிற்பது அறக்கட்டளைப் பணம் என்று கொள்ள வேண்டும் என 1880-இல் இங்கிலாந்தில் ஹாலெட் வழக்கில் தீர்ப்பானது.

சொந்த நலன் குறுக்கிடும்போது

1726-ஆம் ஆண்டின் கீச் – சாண்ட்ஃபோர்டு வழக்கை அறங்காவலர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. ரோம்ஃபோர்டு சந்தையின் வருவாய்க்கான குத்தகை ஒன்று ஒரு சிறுவனுக்காக அறங்காவலரிடம் இருந்தது. குத்தகைக் காலம் முடியும் தறுவாயில் சிறுவனுக்காக அதைப் புதுப்பித்துத் தரும்படி அவர் கேட்டார். சிறுவனுக்குப் புதுப்பிக்க முடியாது என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். அதன் பிறகே அறங்காவலர் அதைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டார். சிறுவனுக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லாத ஒன்றைத்தானே எடுத்தார், இதில் யாருக்கு என்ன நட்டம் என்று நமக்குத் தோன்றும். வழக்கை விசாரித்த நீதிபதி, லார்டு சான்சலர் பதவியில் இருந்த கிங் என்பவர், அப்படிப் பார்க்கவில்லை. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையை எடுத்திருக்கலாம், அறங்காவலர் ஒருவர் மட்டும் எடுக்கக் கூடாது என்று சொல்லி, குத்தகையைச் சிறுவனுக்கே மாற்றித் தரவும் வந்த லாபத்துக்குக் கணக்குக் காட்டவும் உத்தரவிட்டார். மறுப்பு வந்தால் நமக்கு லாபம் என்ற நிலையை அனுமதித்தால், பயனாளிக்காக மனமாரக் கேட்பவர் குறைந்துபோவார் என்பதே அதன் உட்கருத்து.

இந்தக் கண்டிப்பு இன்னும் தளரவில்லை. 1966-இல் இங்கிலாந்தின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை முடிவு செய்த போர்டுமேன் – ஃபிப்ஸ் வழக்கில், அறக்கட்டளையின் வழக்குரைஞர் நல்லெண்ணத்தோடு உழைத்து அறக்கட்டளைக்கே பெரும் லாபம் தேடித் தந்திருந்தார். அந்தப் பணியின் வழியே கிடைத்த தகவலையும் வாய்ப்பையும் கொண்டு தாமும் ஈட்டிய லாபத்துக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. உழைப்புக்கான ஊதியம் மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்து நீதிபதிகளில் இருவர் மாறுபட்டார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பு கடுமையாகவே படுகிறது. ஆயினும் அறங்காவலராக இருப்பவர் அந்தக் கடுமையை எதிர்பார்த்தே நடந்துகொள்ள வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. அறக்கட்டளைச் சொத்தை நீங்கள் வாங்கக் கூடாது, சந்தை விலைக்கு மேல் கொடுத்தாலும் கூடாது. அறக்கட்டளைப் பணத்தைச் சக அறங்காவலருக்குக் கடனாகக் கொடுக்கக் கூடாது. தரகரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ கமிஷன் வாங்கக் கூடாது. கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டால் அதை அறக்கட்டளைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். உறவினருக்கு வேலையோ வாடகை வீடோ தரும் பேச்சு எழுந்தால், உறவைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லிவிட்டு, அந்த முடிவில் கலந்துகொள்ளாமல் எழுந்து போய்விடுங்கள். முழு விவரமும் அறிந்த, வயது வந்த பயனாளிகள் அனைவரும் ஒப்புக்கொண்டாலோ நீதிமன்றம் அனுமதித்தாலோ விலக்கு உண்டு. சிறுவர்களின் சம்மதம் சம்மதமாகாது.

முதலீடும் கவனமும்

பாஸ்டனைச் சேர்ந்த ஜான் மக்லீன் என்பவர் 50,000 டாலரை அறங்காவலர்களிடம் ஒப்படைத்து, அதன் வருமானம் தம் மனைவிக்கும், அவர் காலத்துக்குப் பின் மூலதனம் ஹார்வர்டு கல்லூரிக்கும் ஒரு மருத்துவமனைக்கும் சேர வேண்டும் என்று எழுதி வைத்தார். அறங்காவலர்கள் ஆலை, காப்பீட்டு நிறுவனப் பங்குகளில் போட்டார்கள், மதிப்புக் குறைந்தது, வழக்கு வந்தது. 1830-இல் மாசசூசெட்ஸ் நீதிபதி சாமுவேல் பட்னம் அறங்காவலர்களைக் குற்றவாளியாக்கவில்லை. எங்கே போட்டாலும் மூலதனத்துக்கு ஆபத்து உண்டு. விவேகமுள்ளவர்கள் ஊக வணிகத்தை விட்டு, நிலையான முதலீடு என்ற நோக்கில் வருமானத்தையும் மூலதனத்தின் பாதுகாப்பையும் எடைபோட்டு எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நடந்திருக்கிறார்களா என்பதே கேள்வி என்றார்.

இதற்கு மறுபக்கமாக 1887-இல் முடிந்த லியராய்டு – வைட்லி வழக்கைச் சொல்லலாம். அறங்காவலர்கள் ஒரு செங்கல் சூளையை அடமானமாகப் பெற்றுக் கடன் கொடுத்தார்கள். மதிப்பீட்டாளர் நல்ல ஈடு என்று எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பினார்கள். சூளை ஓடும் வரைதான் அந்த நிலத்துக்கு மதிப்பு, மண்ணும் எடுக்க எடுக்கக் குறையும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. தொழில் நொடித்தது, அறங்காவலர்கள் நட்டத்தை ஈடுகட்ட வேண்டியதாயிற்று. நிபுணரின் அறிக்கையைக் கேட்பது கடமை, ஆனால் அதைப் படித்துக் கேள்வி கேட்பதும் கடமையே. சொந்தப் பணத்தில் நீங்கள் துணிந்து இறங்கலாம். பிறருக்காக வைத்திருக்கும் பணத்தில் அந்தத் துணிச்சலுக்கு இடமில்லை.

அதற்காகப் பணத்தை அசையாமல் பூட்டி வைப்பதும் கவனமாகாது. விலைவாசி ஏற ஏற, முடங்கிக் கிடக்கும் தொகை ஆண்டுதோறும் கரைகிறது. முதலீட்டைப் பரவலாக வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது மறு ஆய்வு செய்து, மாற்றியது ஏன், மாற்றாமல் விட்டது ஏன் என்று இரண்டையுமே எழுதி வையுங்கள். பின்னாளில் வழக்கு என்று வந்தால், பலனைவிட நீங்கள் எடுத்துக்கொண்ட கவனத்தையே நீதிமன்றம் பார்க்கும். அந்தக் கவனத்துக்குச் சாட்சி அந்தத் தாள் ஒன்றுதான்.

பயனாளிகளிடையே நடுநிலையும் இதோடு பிணைந்தது. வாழ்நாள் வரை வருமானம் தாய்க்கு, அதன்பின் சொத்து பிள்ளைகளுக்கு என்று இருக்கும் இடத்தில், வட்டி மிகுதியாகத் தரும் ஆனால் மூலதனத்தைத் தேய்க்கும் முதலீடு தாய்க்கு இனிக்கும். இன்று ஒன்றும் தராமல் நாளை வளரும் நிலம் பிள்ளைகளுக்கு இனிக்கும். எந்தப் பக்கம் அடிக்கடி தொலைபேசியில் அழைக்கிறதோ அந்தப் பக்கம் சாய்வது மனித இயல்பு. அழைக்காதவர்களுக்கும், இன்னும் பேசத் தெரியாத குழந்தைக்கும் சேர்த்தே அறங்காவலர் கணக்குப் போட வேண்டும்.

யார் முடிவெடுப்பது

நம்பிக்கை வைத்தது உங்கள் மீது என்பதால், முடிவெடுக்கும் பொறுப்பை வேறொருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஆடிட்டர், வழக்குரைஞர், தரகர் ஆகியோரின் உதவியைப் பெறலாம். 1883-இன் ஸ்பைட் – காண்ட் வழக்கில், வழக்கமான வணிக முறைப்படி ஒரு தரகரை அமர்த்திய அறங்காவலர், தரகர் பணத்தை ஏப்பமிட்ட பிறகும் பொறுப்பிலிருந்து விடுபட்டார். ஆனால் நிறுவனர் நீட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்திட்டு வந்த அறங்காவலர்களின் கதை வேறு. அவர்கள் யோசித்து முடிவெடுக்கவே இல்லை என்று சொல்லி, டர்னர் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் அந்தப் பத்திரங்களைச் செல்லாது என்று தள்ளியது.

பலர் இருக்கும் இடத்தில், “எல்லாம் அவர் பார்த்துக்கொள்கிறார்” என்பது தற்காப்பு ஆகாது. ஒருவர் தவறாக முதலீடு செய்ய, மற்றவர்கள் சும்மா இருந்த 1886-ஆம் ஆண்டின் பாஹின் – ஹியூஸ் வழக்கில், சும்மா இருந்தவர் அந்த இழப்பைத் தவறு செய்தவரிடமிருந்து ஈடாகப் பெற முடியாது என்று தீர்ந்தது. ஒரு தீர்மானம் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் வாயால் முணுமுணுத்துவிட்டு வராமல், உங்கள் மறுப்பைக் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அது மோசடியாகத் தோன்றினால் மறுப்போடு நிறுத்தாமல் தடுக்க நடவடிக்கை எடுங்கள்.

கணக்கு

எப்போது கேட்டாலும் காட்டும்படி கணக்கு வைத்திருக்க வேண்டும். ‘பராமரிப்புச் செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகையை எழுதுவது கணக்காகாது. இன்ன தேதியில், மேல்தளத்து நீர்க்கசிவைச் சரிசெய்ய, இன்ன கொத்தனாருக்கு, இன்ன காசோலை எண் மூலம், இன்ன நாள் தீர்மானத்தின்படி கொடுக்கப்பட்டது, ரசீது கோப்பில் இத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்று இருந்தால், உங்களைப் பார்த்தே இராத ஒருவர் பத்து ஆண்டு கழித்துப் படித்தாலும் அவருக்கு விளங்கும். பயனாளி கணக்குக் கேட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் அறங்காவலர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்பது அவருடைய உரிமை. யாருக்கு எவ்வளவு என்று அறங்காவலரே முடிவு செய்யும் விருப்ப அதிகாரத்தின்கீழ் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காததன் காரணத்தை வெளியிட வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. கணக்கைக் காட்டும் கட்டாயம் உண்டு.

ஒரு முதலீட்டில் விதியை மீறி நட்டம் வந்தால், இன்னொன்றில் வந்த லாபத்தைக் காட்டி அதை நேர் செய்துவிட முடியாது. நட்டம் உங்களுடையது, லாபம் பயனாளிகளுடையது. அறங்காவலரைப் பாதுகாக்கும் விலக்குப் பிரிவு பத்திரத்தில் இருந்தாலும், நேர்மையின்மைக்கு அது ஒருபோதும் குடை பிடிக்காது என்று 1997-இல் ஆர்மிடேஜ் – நர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. பத்திரத்தின் பொருளே குழப்பமாக இருந்தால் ஊகித்துச் செயல்படாமல், நீதிமன்றத்தின் வழிகாட்டலைக் கேளுங்கள். இந்தியச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு போன்ற ஏற்பாடுகள் அதற்காகவே இருக்கின்றன. அப்படிக் கேட்பதற்கு முறையாக ஆகும் செலவைப் பொதுவாக அறக்கட்டளையே ஏற்கும்.

விலகும்போது

பத்திரம் காட்டும் வழியிலோ, வயது வந்த பயனாளிகளின் சம்மதத்தோடோ, நீதிமன்றத்தின் வழியாகவோ விலகலாம். உங்கள் இடத்துக்கு வருபவர் பொறுப்பேற்று, சொத்துகளும் வங்கிக் கணக்கும் அவர் பெயருக்கு மாறும் வரை வேலை முடிந்ததாகாது. பொறுப்பேற்ற நாளில் எழுதிய பட்டியலை எடுத்து அதன் அருகே இன்றைய பட்டியலை வைத்து, கூடியது எது, குறைந்தது எது, ஏன் என்று எழுதி, பத்திரங்களையும் பேரேடுகளையும் சாவிகளையும் எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். விலகிய பிறகும் நீங்கள் இருந்த காலத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே என்பதால், அந்தப் பட்டியலின் ஒரு நகலை உங்கள் வீட்டில், உங்களுக்குப் பின் வருபவர்களும் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருங்கள்.